ஜாடியில் மிஞ்சியது

எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஆஸ்பத்திரியில் இருந்த காலம் முழுக்க யாராவது ஒருவர் என்னிடம் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ரத்தம் எடுத்த நர்சு கேட்டார். ஸ்கேன் எடுத்தவர் கேட்டார். டாக்டர் ஒருமுறை நேராகவும் ஒருமுறை சுற்றி வளைத்தும் கேட்டார். முதலில் எல்லாருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னேன். கடைசியாகக் கேட்டவரிடம், "இன்னைக்கு இன்னும் ஆரம்பிக்கலீங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர்தான், "வெளையாட்டுக்குச் சொல்லுதுங்க" என்று சமாளித்தார்.

என் பெயர் கோமதி. அரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜூஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் முருகேசன் லோடு வண்டி ஓட்டுகிறார். பள்ளிக்கூடம் போகும் மகள் ஒருத்தி. எனக்குக் கூடப் பிறந்தவள் அக்கா பூங்கொடி மட்டும்தான். நல்லம்பள்ளிப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். அங்கே அவளும் மாமாவும் சாமந்திப்பூ போடுகிறார்கள். அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. சண்டை போட, திட்ட, திட்டிவிட்டு மறுநாள் ஒன்றும் நடக்காததுபோல் போன் செய்ய எனக்கு அவளை விட்டால் வேறு ஆள் இல்லை.

நோய் வந்தது அவளுக்கு. கண் மஞ்சளாகியது. எங்கள் பக்கத்தில் கண் மஞ்சளானால் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டார்கள். பச்சிலை அரைத்துக் கொடுக்கும் ஆளிடம்தான் போவார்கள். அக்காவும் போனாள். உப்பில்லாமல் மோர்ச்சோறு தின்றாள். மஞ்சள் குறைவது போலிருந்தது, பிறகு திரும்பி வந்தது. அதற்குள் வயிறு வீங்கிவிட்டது. இந்த வயதில் மாசமாக இருக்கிறாளா என்று ஊரில் கேலிகூடப் பேசினார்கள். வயிற்றில் இருந்தது தண்ணீர். தருமபுரியில் பார்த்த டாக்டர் ஊசி போட்டுத் தண்ணீரை இறக்கிவிட்டு, இங்கே வைத்துக்கொண்டு நேரத்தை வீணாக்காதீர்கள், சென்னைக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார்.

சென்னையில்தான் நோய்க்குப் பெயர் தெரிந்தது. பெயர் நீளமானது. விஷயம் இதுதான்: வெளியிலிருந்து வரும் கிருமியோடு சண்டை போட வேண்டிய அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் தெரியாமல் அவளுடைய கல்லீரலையே அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பல வருடங்களாக. அடிபட்டு அடிபட்டுக் கல்லீரல் முழுக்கத் தழும்பாகிச் சுருங்கிவிட்டது. மருந்து கொடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது. வேறு கல்லீரல் வைக்க வேண்டும்.

"இறந்தவங்ககிட்டருந்து கிடைக்கறதுக்குப் பதிஞ்சு வைக்கலாம். ஆனா எப்ப கிடைக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. இவங்களுக்குக் காத்திருக்கற தெம்பு இல்ல. குடும்பத்துல யாராவது குடுத்தா உடனே செய்யலாம்" என்றார் டாக்டர். நடுத்தர வயதுப் பெண்மணி. எதையும் மறைக்காமல், அதே சமயம் கத்தி போலவும் இல்லாமல் பேசுவார். கல்லீரலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தாலும் மிச்சம் இருப்பது சில மாதங்களில் வளர்ந்துவிடும், வைத்த துண்டும் அங்கே வளரும் என்று அவர்தான் படம் போட்டுக் காட்டினார். உடம்பில் இப்படி வளரும் உறுப்பு வேறு கிடையாதாம்.

மாமாவின் ரத்த வகை சேரவில்லை. அவர்களுடைய பையனுக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. எனக்குச் சேர்ந்தது. அவ்வளவுதான், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. நான் தருகிறேன் என்றேன்.

யோசிக்க நிறைய இருக்கிறது என்று மற்ற எல்லாரும் நினைத்தார்கள். என் மாமியார் ஊரிலிருந்து போன் செய்து அழுதார்.

"அது பொழைக்குமோ பொழைக்காதோ. ஒனக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்தப் புள்ளைய யாரு பாக்கறது? கட்டிக்குடுத்த எடத்துல அவங்க பாத்துக்க மாட்டாங்களா?"

"பாத்துக்கறாங்கத்தே. அவங்ககிட்ட கல்லீரல்தான் இல்ல" என்றேன்.

உறவில் ஒரு பெரியவர் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, அதுவே ஆம்பளைக்குன்னா பரவால்ல, பொம்பளைக்குப் போயி இன்னொரு பொம்பளைய வெட்டிக்கிட்டு, என்று சொன்னாராம். அவர் என்னிடம் இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னபிறகு என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை.

கொடுப்பவருக்கும் பரிசோதனைகள் உண்டு, அதுவும் நோயாளிக்குச் செய்வதைவிட அதிகம். ரத்தம், சிறுநீர், இதயம், நுரையீரல், எக்ஸ்ரே. காத்திருக்கும் அறையில் வரிசையாக நாற்காலிகள். எதிரே ஒரு டிவி, சத்தமில்லாமல் சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டே இருக்கும். என்னைப்போல் கொடுக்க வந்தவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். தேர்வு எழுதிவிட்டு வந்த பிள்ளைகள்போல் உட்கார்ந்திருப்பார்கள். பெரும்பாலும் பெண்கள்தான். நான் மட்டும் தெம்பாக இருந்தேன். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை, ரத்தக்கொதிப்பு இல்லை, ஆளும் ஒல்லி. பிரசவம் தவிர வேறெதற்கும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்ததில்லை.

பிறகு டாக்டர் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். ஸ்கேன் படத்தைத் திருப்பி வைத்தார்.

"கோமதி, உங்க கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. கொஞ்சமில்ல, நெறையவே இருக்கு."

நான் படத்தைப் பார்த்தேன். எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. என் கையைப் பார்த்தேன். எலும்பும் தோலுமாக இருந்தது.

"எங்கிட்டயாங்க? யாரோடதையாவது மாத்தி வெச்சிருக்கப் போறீங்க."

"ஒல்லியா இருக்கறவங்களுக்கும் வரும். இந்தக் கல்லீரலை வெட்டினா உங்ககிட்ட மிச்சம் இருக்கறதும் திணறும், அக்காவுக்கு வெக்கறதும் திணறும். ரெண்டு பேர் உயிரையும் பணயம் வெக்க மாட்டேன். குடிப்பழக்கம் உண்டா?"

அப்போதுதான் அந்தக் கேள்வி முதன்முதலாக வந்தது. இல்லை என்றேன். எனக்குக் கோபம் வந்தது. சாராய வாடை ஆகாது என்று கடைக்குத் தள்ளாடி வருபவனுக்கு டம்ளர்கூடக் கொடுக்காத ஆள் நான். ஆனால் கோபத்துக்குக் கீழே பயம் இருந்தது. வெளியே போனால் அக்கா சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள், "என்னாடி சொன்னாங்க" என்பாள். என்ன பதில் சொல்வது?

டாக்டர் கதவை முழுக்க அடைக்கவில்லை. கல்லீரல் கொழுப்பு மனது வைத்தால் குறையும், சில வாரங்களிலேயே குறைந்தவர்கள் உண்டு, முயற்சி செய்துவிட்டு வாருங்கள், அதுவரை அக்காவை நாங்கள் தாங்கிப் பிடிக்கிறோம் என்றார். உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். அது ஒரு இளம்பெண். நான் என்னென்ன சாப்பிடுகிறேன் என்று காலையிலிருந்து இரவு வரை கேட்டாள். இட்லி, சோறு, களி, குழம்பு எல்லாம் சொன்னேன்.

"இனிப்பு?"

"தொடமாட்டேங்க. டீகூடச் சர்க்கரை இல்லாமதான். தீபாவளிப் பலகாரமே அடுத்த வூட்டுக்குக் குடுத்துருவேன்."

பொய் இல்லை. கடையில் நாள் முழுக்க இனிப்பு வாடையில் நிற்பதால் எனக்கு ஜிலேபி, மைசூர்பாக்கு எதுவும் ஆகாது. அவள் சோற்றைக் குறைக்கச் சொன்னாள், எண்ணெயைக் குறைக்கச் சொன்னாள், நடக்கச் சொன்னாள். ஊருக்கு வந்து அத்தனையும் செய்தேன். மதியச் சோறு ஒரு கைப்பிடி ஆனது. அதிகாலையில் சேலம் ரோட்டில் நடந்தேன். பால் ஊற்றுகிறவர் வண்டியை நிறுத்தி, யார் வீட்டில் என்ன சண்டை என்று கேட்குமளவுக்கு வேகமாக நடந்தேன். பசி வயிற்றைப் பிய்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மறுபடி பரிசோதனைக்குப் போனபோது டாக்டர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பத் தாளைப் பார்த்தார்.

"கொஞ்சம்கூடக் கொறையல, கோமதி. ரத்தத்துல இருக்கற கொழுப்பு போன தடவையவிட ஏறியிருக்கு. எங்ககிட்ட எதையாவது சொல்லாம விட்டுட்டீங்களா?"

"நான் என்னா மறைக்கப் போறேங்க? வூட்டுல பூட்டு போட்டு பாட்டில் வெச்சிருக்கறேன்னு நெனைக்கறீங்களா?"

குரல் உயர்ந்துவிட்டது. வெளியே இருந்தவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள். டாக்டர் கோபப்படவில்லை. "உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா நமக்கு நேரமில்ல" என்று மட்டும் சொன்னார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

நேரம் இல்லை என்பது எனக்கும் தெரியும். அக்காவுக்குப் புத்தி தடுமாற ஆரம்பித்திருந்தது. கல்லீரல் வடிகட்ட வேண்டிய கழிவு ரத்தத்தில் தங்கி மூளைக்கு ஏறினால் அப்படி ஆகுமாம். மாமாவைப் பார்த்து, பூ வண்டி வந்துவிட்டதா என்று கேட்பாள். என்னை எங்கள் அம்மாவின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். மலம் நன்றாகப் போக மருந்து கொடுப்பார்கள், கழிவு வெளியேறியதும் சில மணி நேரம் தெளிவாக இருப்பாள். பிறகு மறுபடி மங்குவாள்.

அன்று தெளிவாக இருந்தாள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, இரண்டாவது முறையும் தோற்றதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தேன். உணவு ஆலோசகர் பெண்ணும் அக்காவின் சாப்பாட்டை விசாரிக்க வந்து நின்றாள்.

"மூஞ்சியப் பாத்தாலே தெரியுது. ஆகலியா?" என்றாள் அக்கா.

"ஆகலக்கா. சோத்தக் கொறச்சேன், நடந்தேன். என்னா பண்றதுன்னே தெரியல."

அவள் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

"ஜாடியில மிஞ்சறத யாருடி குடிக்கறது?"

மாமா என்னைப் பார்த்துத் தலையாட்டினார், மறுபடி தடுமாறுகிறாள் என்று. அவள் தடுமாறவில்லை.

"நீ பிரசவத்துக்குப் படுத்தப்ப நான்தான ஒங்கடையப் பாத்தேன். ஒவ்வொரு டம்ளரு ஊத்தினப்புறமும் ஜாடியில கொஞ்சம் நிக்கும். நீ சொல்லிட்டுப் போன, அத கொட்டக் கூடாதுன்னு. நானும் குடிச்சேன். அந்தக் கொஞ்ச நாள்லயே ரவிக்கை எல்லாம் பிரிச்சுத் தச்சேன். அத இந்தப் புள்ளகிட்டச் சொன்னியா?"

சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஜூஸ் கடை வைத்திருப்பவர்களுக்கு இது புரியும். சாத்துக்குடியை உரித்துப் போட்டு, பாகு ஊற்றி, ஐஸ் போட்டு அடித்தால் சரியாக ஒரு டம்ளர் வராது. கொஞ்சம் கூடத்தான் வரும். டம்ளரை நிரப்பிய பிறகு ஜாடியின் அடியில் ஒரு மடக்கு, இரண்டு மடக்கு நிற்கும். அடுத்தவருக்கு மாதுளை என்றால் ஜாடியைக் கழுவ வேண்டும். காசு கொடுத்து வாங்கிய பழத்தைச் சாக்கடையில் எப்படி ஊற்றுவது? ஜாடியைத் தூக்கி வாயில் கவிழ்த்துவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவி, அடுத்த பழத்தை எடுப்பேன். அது நான் குடிப்பது இல்லை, ஜாடி கழுவுவதில் ஒரு பகுதி. ஒருவரும் எனக்காக ஒரு டம்ளர் போட்டதில்லை, நானும் எனக்கென்று போட்டுக்கொண்டதில்லை. காலையிலிருந்து கடை சாத்தும் வரை, மாம்பழக் காலத்தில் மூச்சுவிட நேரமில்லாமல், வருடக்கணக்கில் இதுதான் நடந்திருக்கிறது. அதிலும் சோற்றைக் குறைத்த அந்த வாரங்களில், பசி தாங்காமல் ஜாடியில் வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாக விட்டுவைத்தேன். பழம்தானே, பழம் நல்லதுதானே.

ஆலோசகர் பெண் இன்னொரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டாள். சொன்னேன். மனதுக்குள் கணக்குப் போட்டு, "அக்கா, ரொம்ப ஜாஸ்தி" என்றாள். பிறகு அவள் சொல்லிக்கொடுத்ததை நான் இன்று வரை கடைக்கு வருபவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சர்க்கரை என்றால் ஒன்றே என்று நாம் நினைக்கிறோம். ஒன்று இல்லை. சோறும் களியும் செரித்தால் வருவது குளுக்கோஸ். அதை உடம்பு முழுக்கப் பங்கு போட்டுக்கொள்ளும். கை கால் தசை எடுக்கும், மூளை எடுக்கும், மிச்சம்தான் கல்லீரலுக்கு. பழத்தின் இனிப்பில் இன்னொன்று இருக்கிறது, ஃபிரக்டோஸ். அதை எடுத்துக்கொள்ளும் வேலை பெரும்பாலும் கல்லீரல் தலையில்தான் விழும். கொஞ்சமாக, மெதுவாக வந்தால் கல்லீரல் சமாளிக்கும். வந்துகொண்டே இருந்தால் அதைக் கொழுப்பாக மாற்றித் தன்னிடமே அடுக்கி வைக்கும், ரத்தத்திலும் அனுப்பும். நாம் டீயில் போடும் வெள்ளைச் சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும்கூட அப்படித்தான், நிறம்தான் வேறு. தேனிலும் இந்த இரண்டும்தான். பாலில் இருக்கும் இனிப்பு வேறு, அதில் ஃபிரக்டோஸ் கிடையாது.

"அப்பறம் எப்படிங்க எனக்கு சுகர் டெஸ்டுல ஒன்னும் இல்லன்னு வந்துச்சு?"

"அது குளுக்கோஸ மட்டும்தான் பாக்கும்கா. ஃபிரக்டோஸ் ரத்தத்துல சுத்தாம நேரா கல்லீரலுக்குப் போயிரும். நல்லா இருக்கற ஆளுக்கு டெஸ்டு ரொம்ப நாளைக்கு நல்லாவேதான் வரும்."

"பழம் சாப்புடறதே தப்புங்களா?"

"உரிச்சுத் தின்னா தப்பே இல்ல. ஒரு சாத்துக்குடி தின்னா வயிறு ரொம்பிரும், நாரும் சக்கையும் இருக்கறதால மெதுவா எறங்கும். நீங்க நாலஞ்சு பழத்தப் புழிஞ்சு, சக்கைய வடிகட்டி, மேல பாகும் ஊத்தறீங்க. அதையும் மடக்கு மடக்கா நாள் பூரா."

சோற்றையும் அளவில்லாமல் தின்றால் கொழுப்புதான் ஆகும் என்றும் சொன்னாள். ஆனால் நான் செய்தது என்ன? உடம்பு முழுக்கப் பங்கு போடும் சோற்றைக் குறைத்து, கல்லீரலுக்கு மட்டும் போவதைக் கூட்டிவிட்டேன். அதையும் அக்காவுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு செய்திருக்கிறேன்.

நான் அழுதேன். அக்கா அழவில்லை. "அழுதுட்டுக் கெடக்காத. ஊருக்குப் போயி வேலையப் பாரு" என்றாள். அன்று மாலையே மறுபடி மங்கிவிட்டாள்.

கடையை மூடச் சொன்னார்கள். மாமியார் சொன்னார், மாமா சொன்னார், பக்கத்துக் கடைக்காரர்கூடச் சொன்னார். கண்ணெதிரே வைத்துக்கொண்டு யாரால் சும்மா இருக்க முடியும் என்றார்கள். நான் மூடவில்லை. மூடினால் சென்னைக்குப் போகும் பஸ் செலவுக்கு யாரிடம் கை நீட்டுவது? பெரிய செலவைக் காப்பீடு பார்த்துக்கொண்டாலும் சில்லறைச் செலவுகளுக்கு முடிவே இல்லை. அதைவிட, எனக்கு வீம்பு. பழம் என் எதிரி இல்லை, பாகு என் எதிரி இல்லை. ஒரு ஜாடி அடியில் நிற்கும் இரண்டு மடக்குக்குப் பயந்து கடையை மூடிக்கொண்டு உட்காருகிறவள் வயிற்றைக் கிழிக்க எப்படிப் படுப்பாள்? இதையே ஜெயிக்க முடியாவிட்டால் அதை எப்படி ஜெயிப்பது?

முதல் சில நாட்கள் கொடுமையாக இருந்தன. தலை வலித்தது. ஜாடியைத் தூக்கும் கை தானாகவே வாய்ப்பக்கம் வரும், பாதியில் நிறுத்துவேன். யாரோடாவது சண்டை வேண்டும்போல் இருந்தது. சண்டைக்கு வீட்டுக்காரர் கிடைத்தார். அவரோ விடியலில் எழுந்து களி கிண்டி, கீரை கடைந்து தூக்குச்சட்டியில் போட்டுக் கொடுத்தார். லோடு ஓட்டுகிற கை, களி கட்டி கட்டியாகத்தான் இருந்தது. அவரும் டீயில் சர்க்கரையை நிறுத்திவிட்டு, இதுதான் நல்லா இருக்கு என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே சொன்னார். என் மகள் பள்ளிக்கூடத்தில் கொடுத்த பிறந்தநாள் மிட்டாயை வீட்டுக்குள் கொண்டுவராமல் வாசலிலேயே தின்றுவிட்டு வாயைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

ஜாடியில் மிஞ்சுவதைக் கொட்டவும் மனது வரவில்லை. கொசுறாகக் கொடுத்தேன். டம்ளரைக் கொடுத்து, பாதி குடிக்க விட்டு, "இந்தாங்க, நீட்டுங்க" என்று மிச்சத்தையும் அவர்கள் டம்ளரிலேயே ஊற்றிவிடுவேன். இனிப்பு சரியாக இருக்கிறதா என்று நான் நாக்கில் வைத்துப் பார்ப்பதையும் விட்டேன். குடிப்பவர்களே பார்த்துச் சொல்லட்டும். அந்தக்கா கடையில் கொசுறு தாராளம் என்று பஸ் டிரைவர்கள் மத்தியில் பேச்சுப் பரவி, கூட்டம் கூடிவிட்டது. கூட்டம் கூடினால் ஜாடியும் கூடும். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

மூன்றாவது முறை ஸ்கேனுக்குப் போனபோது அக்கா தீவிர சிகிச்சையில் இருந்தாள். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கம் பக்கமாக வைத்தார். எனக்கு இப்போதும் ஒன்றும் தெரியவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன்.

"என்ன பண்ணீங்க, கோமதி?"

"ஜாடியக் கழுவறப்ப தண்ணி மட்டும் ஊத்திக் கழுவினேங்க."

அவர் சிரித்துவிட்டார். கொழுப்பு நன்றாக இறங்கிவிட்டது, ரத்தத்திலும் இறங்கிவிட்டது, இனி இந்தக் கல்லீரலை வெட்ட எனக்குத் தயக்கமில்லை என்றார். தன்னை வெட்டப்போகிறார்கள் என்று கேட்டுச் சந்தோஷத்தில் கும்பிட்டவள் அநேகமாக நானாகத்தான் இருப்பேன்.

அதற்கு முன்னால் ஆஸ்பத்திரியின் அனுமதிக் குழுவிடம் போக வேண்டும். காசுக்காகவோ மிரட்டலுக்காகவோ யாரும் உறுப்பைக் கொடுத்துவிடக் கூடாது என்பதற்காக, தனியாக உட்காரவைத்துக் கேட்பார்கள். அதில் ஒருவர் என் மாமியார் கேட்டதையே கொஞ்சம் மரியாதையாகக் கேட்டார்.

"உங்க மேல யாராவது நிர்ப்பந்தம் பண்றாங்களாம்மா? இதுல உங்க உயிருக்கும் ஆபத்து இருக்கு, தெரியுமா?"

"தெரியுங்க. நிர்ப்பந்தமும் இருந்துச்சுங்க. எல்லாரும் குடுக்கக் கூடாதுன்னுதான் நிர்ப்பந்தம் பண்ணினாங்க. என் ஒடம்பு, என் அக்கா. இத சுத்தம் பண்ணி எடுத்துட்டு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இனிமே வேணாம்னு சொல்லாதீங்க."

கையெழுத்துப் போடச் சொன்னார்கள்.

அறுவைச் சிகிச்சை பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, நான் தூங்கிவிட்டேன். விழித்தபோது வயிற்றின் குறுக்கே நெருப்பு வைத்ததுபோல் இருந்தது. மூக்கில் குழாய், கழுத்தில் குழாய், விலாப்பக்கம் ஒரு குழாய். தைரியமானவள் என்று எல்லாரும் என்னைச் சொல்கிறார்கள். முதல் தடவை இருமியபோது அம்மா என்று கத்தியது வார்டு முழுக்கக் கேட்டது. பயந்தேன். மகளை நினைத்து, ஏன் இப்படிச் செய்தோம் என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். நினைத்தேன் என்பதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

"அக்கா?" என்று கேட்டேன்.

நர்சு குனிந்து, "வெச்ச உடனே வேலைய ஆரம்பிச்சிருச்சு. பித்தம் சுரக்குது. நல்ல நிறத்துல இருக்குதுன்னு டாக்டரே சொன்னாங்க" என்றார். பித்த நீர் சுரந்தால் புதுக் கல்லீரல் அந்த உடம்பை ஏற்றுக்கொண்டு வேலை செய்கிறது என்று அர்த்தம். என் வயிற்றிலிருந்து போனது, அவள் வயிற்றில் போய் உட்கார்ந்து சுரந்துகொண்டிருந்தது. வலியோடு சிரிக்கக் கூடாது. தையல் இழுக்கும். சிரித்தேன்.

அக்காவுக்கு அதன்பிறகும் நாட்கள் சுலபமாகப் போகவில்லை. ஒருமுறை காய்ச்சல் வந்து எல்லாரையும் கதிகலங்க வைத்தாள். அடுத்தவர் உறுப்பை உடம்பு விரட்டாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை. பச்சையாக எதுவும் ஆகாது, கடைச் சாப்பாடு ஆகாது, கூட்டத்துக்குப் போகக் கூடாது. ஆனால் கண்ணில் மஞ்சள் போய் வெளுத்தது. மாமாவைப் பார்த்து, பூ என்ன விலைக்குப் போகிறது என்று சரியான புத்தியோடு கேட்டாள். அவர் சொன்னதும், ஏமாந்துவிட்டாய் என்று திட்டினாள். மாமா வராந்தாவுக்கு வந்து சுவரைப் பார்த்து நின்று அழுதார்.

எனக்கு உடம்பு தேறியதும் கடையைத் திறந்தேன். இன்றும் அதே ஜூஸ்தான் விற்கிறேன். யாரும் குடிக்காதீர்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. வெயிலில் வந்தவருக்கு ஒரு டம்ளர் ஒன்றும் செய்துவிடாது. பாகு எவ்வளவு என்று கேட்டு ஊற்றுகிறேன். தினமும் மூன்று தடவை வருகிறவரிடம் மட்டும், "மத்த ரெண்டு தடவையும் உரிச்சுத் தரேன், மென்னு தின்னுங்க" என்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். போகட்டும்.

போன மாதம் அக்கா, அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு முதன்முறையாக, அரூருக்கு வந்தாள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, கொதித்து ஆறிய தண்ணீர் பாட்டிலோடு கடைக்குள் என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறப்போகும் ஒரு பெரியவருக்கு சாத்துக்குடி அடித்துக் கொடுத்தேன். கொசுறு ஊற்றப் போனேன். "போதும்மா, பஸ்ஸு எடுக்கறான்" என்று அவர் டம்ளரை வைத்துவிட்டு ஓடினார். ஜாடியின் அடியில் இரண்டு மடக்கு நின்றது. ஜாடி என் கையில் இருந்தது. நான் அதைப் பார்த்தேன், அக்கா என்னைப் பார்த்தாள்.

எழுந்து வந்து ஜாடியைப் பிடுங்கினாள்.

"உள்ள இருக்கறது ஒனக்கு மட்டும் சொந்தம்னு நெனைக்காத. எனக்குப் பத்தலைன்னா இன்னொரு துண்டு யாருகிட்ட கேக்கறது?"

இன்னொரு துண்டு எடுக்க முடியாது என்பது அவளுக்கும் தெரியும். சொல்லிவிட்டுக் கடை வாசலுக்குப் போய், மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றினாள். ஒரு சொட்டுகூட விடாமல் ஜாடியைக் கவிழ்த்துத் தட்டினாள். நல்ல பழம், நல்ல விலை கொடுத்து வாங்கினது. வேறு யாராவது செய்திருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். ஊற்றட்டும். ஊற்றுவதற்கு அவள் இருக்கிறாளே.